ஆறு கம்பி, ரெண்டு மருமவன்

எல, சிரிக்கதுன்னா நேரா மூஞ்சியப் பாத்துச் சிரிங்க. தம்ளருக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சிரிக்காதிய. டீ மூக்குல ஏறிச் செத்துப் போவிய, அப்புறம் டெரன்சு கத சொல்லி ரெண்டு பேரக் கொன்னுட்டான்னு எம்மேல கேசு வரும். லெஸ்லி, ஒனக்குத்தான் சொல்லுதேன். நீ சிரிச்சா மேப்பல்லு ரெண்டும் ஜன்னலத் தொறந்து போட்டாப்ல தெரியுது. சுடலை, நீ சிரிக்கவே செய்யாத. நீ சிரிச்சா நாயி கொலைக்கி.

என்ன கேட்டிய? கஸ்பார் மாமாவோட டூரிஸ்ட் போட்டுல பந்தல் ஏன் ஒரு மூல கோணிக்கிட்டு நிக்கின்னு கேட்டிய. பாலத்துக்கிட்ட வரும்போது நான் ஏன் ஒரு கம்பியக் கட்டிப் புடிச்சு டான்ஸ் ஆடுதேன்னு கேட்டிய. பாலத்து மேல நின்னு வீடியோ வேற எடுத்துருக்கிய. நல்லாருங்க. சொல்லுதேன். நடுவுல கேள்வி கேட்டா மொதல்ல இருந்து ஆரம்பிப்பேன், பாத்துக்கிடுங்க. லெஸ்லி, ஒன் பைக்கு இப்பம் நல்லாத்தான ஓடுது? செயினு சத்தம் இல்லையே? சரி, சரி, சும்மா கேட்டேன்.

மாமா போட்டு ஒங்களுக்குத் தெரியும். 'சலேத்து'ன்னு மாதா பேர எழுதி, 'த்து' அழிஞ்சு போயி 'சலே'ன்னு நிக்கும்லா, அதான். பன்னெண்டு சீட்டு. மேல நீலக் கித்தான் பந்தல். வெளியூர்க்காரவுக டாப்புன்னு சொல்லுவாவ, நாங்க பந்தலும்போம். அத ஆறு கம்பி தாங்குது. கம்பின்னா வெறும் கம்பி இல்ல, குழாய்க்குள்ள குழாய். வெளிக்குழாய் அலுமினியம், உள்குழாய் ஸ்டீலு. திருகக் கொஞ்சம் தளத்துனா உள்குழாய் சரக்குன்னு உள்ள எறங்கிரும், பந்தல் இடுப்பு ஒசரத்துக்கு வந்துரும். எதுக்கு எறக்கணும்? அலையாத்தி ஓடைக்குள்ள போறதுக்கு அந்தப் பழைய பாலத்துக்கு அடியில நொழையணும்லா. பந்தல் நிமுந்து நின்னா பாலத்துல முட்டும். எறக்குனா ஒரு சாண் எடவெளி விட்டு உள்ள போயிரும். கொக்கு, நாரை, போட்டோ எல்லாம் ஓடைக்குள்ளதான். ஓடைக்குள்ள போகலன்னா மாமா போட்டு சும்மா கரையச் சுத்திக் காட்டுத போட்டு. கரையத்தான் எல்லாவனும் கரையில நின்னே பாத்துக்கிடுதானே.

அந்தப் பந்தல எறக்குதது யாரு? நாந்தான். மூணு வருஷமா நாந்தான். பாலம் ஒரு அம்பதடி இருக்கும்போது மாமா பின்னால சுக்கானப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லுவாரு. 'மருமவனே'ம்பாரு. அவ்வளவுதான். எறக்குன்னு சொல்ல மாட்டாரு, பாலம் வருதுன்னு சொல்ல மாட்டாரு. 'மருமவனே.' நான் முன்னுக்கு ரெண்டு, நடுவுல ரெண்டு, பின்னுக்கு ரெண்டுன்னு ஓடி ஓடி எறக்குவேன். எறக்கிக்கிட்டே சொல்லுவேன், 'எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிடுங்க, கவுருமெண்டு வேலையில உள்ளவங்க ரெண்டு தடவ குனிங்க'ன்னு. சனம் சிரிச்சு முடிக்கதுக்குள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருவோம். கை தட்டுவாவ. பந்தலுக்குத் தட்டுனாவளா எனக்குத் தட்டுனாவளான்னு நான் கேக்கல. எனக்குத்தான்.

நான் மாமாவுக்குச் சொந்த அக்கா மவன். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருஷம் நான் விட்டப்பம்... காலேஜுதான் என்ன விட்டுச்சுன்னு சுடலை சொல்லுவான், ரெண்டும் ஒண்ணுதான்... எங்கம்ம மூணு நாளு சோறு போட்டாவ, மூஞ்சியப் பாக்கல. மாமாதான் வந்து வாசல்ல நின்னு, 'எம் மருமவன் படிச்சது போதும், போட்டுக்கு வரட்டும்'னாரு. மாமாவுக்குப் புள்ள குட்டி கெடையாது. அதனால அந்த வார்த்தைக்கு வேற சோலி ஒண்ணும் இல்ல, எனக்குன்னே இருந்துச்சு. எனக்கும் வேற பட்டம் கெடையாது பாத்துக்க.

அப்பந்தான் வந்தான் பிளேவியன்.

மணப்பாட்டுக்காரன். ஐடிஐ பிட்டரு. முடிச்சவன். அத மாமி அடிக்கடி சொல்லுவாவ, 'முடிச்ச பையன்'னு. என்னையப் பாத்துச் சொல்ல மாட்டாவ, சட்டியப் பாத்துச் சொல்லுவாவ. ஆகஸ்டு மாசம் இஞ்சின் இருமிக்கிட்டே கெடந்துச்சுல்லா, ரெண்டு நாளு வேலன்னு மாமா கூட்டியாந்தாரு. வந்தவன் இஞ்சின் மேல கைய வச்சு, கண்ண மூடி நிக்கான். நான் பக்கத்துல போயி, 'என்ன டாக்டரு, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா'ன்னு கேட்டேன். சிரிக்கல. செத்த நேரம் கழிச்சு, 'ரெண்டாவது பிளக்கு'ன்னான். கழட்டிப் பாத்தா ரெண்டாவது பிளக்குதான்.

ரெண்டு நாளு ரெண்டு மாசமாயிட்டு.

எனக்குப் பொறாமன்னு நெனைக்காதிய. பொறாமைக்கு என்ன இருக்கு அவங்கிட்ட. நான் கவனிச்சேன், அவ்வளவுதான். மாமா அவன மொத தடவ 'மருமவனே'ன்னு கூப்ட்டது செப்டம்பர் ஏழாந் தேதி, மத்தியானம், ரெண்டே காலு இருக்கும். நான் ஒண்ணும் எழுதி வைக்கல, சும்மா ஞாவகத்துல நிக்கி. 'மருமவனே, அந்த ஸ்பேனர எடு'ன்னாரு. நான் குனிஞ்சு எடுத்துக்கிட்டுத் திரும்புதேன், அவன் ஏற்கனவே எடுத்து நீட்டிக்கிட்டு நிக்கான். மாமா கையில ஒரே நேரத்துல ரெண்டு ஸ்பேனரு. அவனோடத வாங்கிக்கிட்டாரு. நான் கொண்டு வந்தது பதினாலாம் நம்பரு, வேண்டியது பன்னெண்டு. அது வேற விசயம்.

அப்புறம் மீனு. மாமி சீலா வாங்குனா நடுத்துண்டு எனக்கு. மூணு வருஷமா எழுதப்படாத சட்டம். ஒரு நாளு பாக்கேன், நடுத்துண்டு அவன் தட்டுல கெடக்கு. எந்தட்டுல வாலு. வாலும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மீனப் பத்திப் பேசல.

போட்டுல வந்த ஒரு சின்னப் புள்ள அவங்கிட்ட, 'அண்ணே, அது என்ன பறவ'ன்னு கேட்டுச்சு. எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நான் எல்லாத்தையும் கொக்குன்னுதான் சொல்லுவேன். பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, கோவக்காரக் கொக்கு. சனம் சிரிக்கும். இவன் என்ன செய்யுதான், 'அது கூழைக்கடா பாப்பா, அந்தா குச்சியா நிக்கது பவளக்கால் உள்ளான்'ங்கான். அந்தப் புள்ள என்னையத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க. மூணு வருஷமா நான் சொன்ன அம்புட்டு கொக்கையும் எண்ணிப் பாத்த மாதிரி பாத்துச்சு.

சண்ட போடலாம்னா அதுக்கும் வழி கெடையாது. கெட்டவனா இருந்தா சண்ட போடலாம். அவன் டீயில சீனி போட மாட்டான். எனக்குச் சீனி கொறஞ்சா அவன் சீனியத் தூக்கித் தருவான். இப்பிடிப்பட்ட ஆள என்ன செய்ய.

இதுக்கெடையில மாமாவுக்குத் தோள்பட்டையில பிடிப்பு. சுக்கானத் தள்ளுனா முணங்குவாரு. 'கிறிஸ்மசு சீசன்ல இருந்து சுக்கான ஒரு ஆளுகிட்டக் குடுத்துரணும்'னு சொல்ல ஆரம்பிச்சாரு. ஒரு ஆளுன்னா யாருன்னு சொல்லல. ஊருல கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் கேக்கவன் நானு. ஃபாதர்கிட்டயே, 'பிரசங்கம் முடிஞ்சதும் எழுப்பி விடுவியளா'ன்னு கேட்டிருக்கேன். இத மட்டும் கேக்கல. சுக்கானப் புடிக்கவன்தான் பின்னால உக்காந்து எல்லாரையும் பாப்பான். முன்னால நிக்கவன் பந்தல எறக்குவான், ஏத்துவான், கயிறு போடுவான். அது வேற.

நவம்பர்ல வாடக்காத்து எறங்குச்சு. போட்டக் கட்டிப் போட்டாச்சு, இனி டிசம்பர்லதான். வருஷா வருஷம் போட்டக் கட்டும்போது கம்பி ஆறையும் கழட்டி, நல்லதண்ணி ஊத்திக் கழுவி, கிரீசு தடவி வைக்கணும். இல்லன்னா உப்பு பூத்து ஒட்டிக்கிடும். அன்னைக்கு நானும் பிளேவியனும் கரையில நிக்கோம். தூத்தல் போடுது. மாமா துண்டத் தலையில போட்டுக்கிட்டுப் போகும்போது, 'மருமவனே, கம்பிகளக் கழுவிக் கிரீசு போட்டு வச்சிரு'ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் 'சரி மாமா'ன்னோம். நடந்தது இவ்வளவுதான். நான் அவனச் சொல்லுதாருன்னு நெனச்சேன், அவன் என்னையச் சொல்லுதாருன்னு நெனச்சிக்கிட்டான். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மொழியில உள்ள கொற.

நாப்பது நாளு. மழை, உப்புக்காத்து, மழை.

டிசம்பர்ல ஒரு செவ்வாக்கிழம மாமா போட்டத் தண்ணியில எறக்குனாரு. சனிக்கிழம மொத ஆர்டரு. மதுரையில இருந்து பன்னெண்டு சிஸ்டர்மாரு, எல்லாரும் ரிட்டயர்டு டீச்சர்மாரு, ஓடைக்குள்ள பறவ பாக்கணும்னே வாராவ. ஓடைக்குள்ள போக முடியலன்னா 'கடல்ராணி' போட்டுக்காரன் ஆர்டர அப்பிடியே தூக்கிருவான். அவன் போட்டுல பந்தலே கெடையாது, ஆளுக்கொரு கொட குடுப்பான். அன்னைக்கு மாமா போட்டத் தட்டிக் குடுத்துட்டு, 'சனிக்கிழம நான் நடுவுல உக்காரப் போறேன். சுக்கான அன்னைக்கே குடுத்துரலாம்'னாரு.

அப்புறம், 'மருமவனே, பந்தல ஒரு தடவ எறக்கிப் பாப்போம்'னாரு.

நான் ஓடிப் போயி மொதத் திருகத் தளத்துனேன். எறங்கல. தட்டுனேன். தொங்குனேன். கம்பி என்னையத்தான் தாங்குது, எறங்க மாட்டேங்கு. ஆறுக்கு ஆறும் அப்பிடித்தான். ரெண்டு குழாய்க்கும் எடையில பல்லுப்பொடி மாதிரி வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. 'மாமா, கம்பி இப்பம் நிரந்தரப் பணியாளர் ஆயிட்டு, எறக்க முடியாது'ன்னேன். யாரும் சிரிக்கல. பிளேவியன் விரலால அந்த வெள்ளப் பொடியத் தொட்டுப் பாத்துட்டு, விரலத் தொடச்சிக்கிட்டான். அந்தத் தொடச்சது இருக்கே, அது எனக்குப் புடிக்கல.

மாமி வந்தாவ. பாத்தாவ. 'இது கண்ணுதான்'னுட்டாவ. 'யாரோ வயிறெரிஞ்சு பாத்துருக்கான், அதான் கம்பி அப்பிடியே நின்னுட்டு'ன்னாவ. வீட்டுக்குப் போயி, தியானக் கூட்டத்துல மந்திரிச்சுக் கொண்டாந்த உப்பு ஒரு டப்பா எடுத்துட்டு வந்து, ஒரு கம்பி விடாம ஆறு கம்பி மேலயும் தூவுதாவ. உப்பால ஒட்டுன கம்பிக்கு இன்னுங் கொஞ்சம் உப்பு. பிளேவியன் வாயத் தொறந்தான். அதுக்குள்ள நான் 'ஆமென்'னுட்டேன். உப்பு டப்பாவப் புடிச்சிக்கிட்டு நின்னதும் நாந்தான். 'வயிறெரிஞ்சவன் யாரா இருந்தாலும் அவன் கண்ணு குளுரட்டும், எல்லாரும் நெத்தியில சிலுவ போடுங்க'ன்னாவ மாமி. நான் ரெண்டு தடவ போட்டேன்.

அப்புறம் மாமா திரும்பி, 'மருமவனே, என்ன செய்யலாம்'னு கேட்டாரு. அவனப் பாத்துக் கேட்டாரு. இதுல சந்தேகமே கெடையாது. அவன் கம்பிய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கான், யோசிக்கான். அவன் யோசிச்சு முடிச்சான்னா சுக்கான் போச்சு. எனக்கு அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. ஓடிப் போயி சுத்தியல எடுத்துட்டேன். 'வெலகுங்க மாமா, இதெல்லாம் பாலிடெக்னிக் மொத வருஷப் பாடம்'னு சொல்லி, பிரேக் ஆயிலயும் மண்ணெண்ணையயும் கலந்து ஊத்தி, முன்னால எடப்பக்கத்துக் கம்பிய அடிச்சேன். 'அடிக்காத'ன்னான் பிளேவியன். அவன் சொன்னதுக்காகவே ரெண்டாவது அடி. மூணாவது அடியில குழாய் வயித்துல கட்டவெரலு போற அளவுக்குப் பள்ளம் விழுந்துட்டு.

மாமா சுத்தியல வாங்கிக் கீழ வச்சாரு. என்னைய ஏசல. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும்.

பொதன்கெழம முழுக்க பிளேவியன் கித்தானக் கழட்டி, கம்பி ஆறையும் போட்டுல இருந்து எடுத்து, ஒட்டுன எடத்துல எல்லாம் எண்ணெய் விட்டு ஊற வச்சான். வியாழக்கிழம காலையில ஐஸ் பிளான்ட்டுல போயி ஒரு பார் ஐசு வாங்கிட்டு வாரான். நான், 'என்ன, கம்பிக்கு சர்பத்தா'ன்னு கேட்டேன். 'உள்குழாய்க்கு'ன்னான். பாருங்க, அவனுக்குக் கேலி பண்ணுததே வெளங்காது, பதிலு சொல்லுவான். ஐச ஒடச்சு, அதுல உப்பக் கலந்து, உள்குழாய்க்குள்ள குச்சியால தள்ளித் தள்ளி அடைச்சான். வெளிக்குழாயச் சுத்திச் சாக்கச் சுத்தி, டீக்கடையில இருந்து கொதிக்க கொதிக்க வெந்நி கொண்டாந்து சாக்கு மேல ஊத்துனான். உள்ள இருக்கது குளுந்து சுருங்கும், வெளிய இருக்கது சூடாயி விரியும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரெழ எடம் கெடச்சாப் போதும்னான். அவன் அவ்வளவு நீளமாப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். மாமா ஸ்கூல் புள்ள மாதிரி முட்டியில கைய ஊண்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் மூணு வருஷம் பேசுனதுல ஒரு நாளும் அவரு முட்டியில கைய ஊண்டல.

'ஒரு ஆளு வேணும்'னான். நாந்தான ஆளு. கம்பி மேல கயித்தச் சுத்தி, கயித்துல கட்டையக் கோத்து, ஆளுக்கொரு மொனையில எதிரும் புதிருமா உக்காந்தோம். பைப்பு ரெஞ்சு போட்டா பல்லுத்தடம் விழும்னு கயிறு. 'வலப்பக்கம் முறுக்கு'ன்னான். நான் என் வலப்பக்கம் முறுக்குதேன். அவன் எனக்கு எதிர்த்தாப்ல இருந்து எடப்பக்கமா முறுக்குதான். கம்பி முழுசா உருளுது, கோழிய நெருப்புல வாட்டுத மாதிரி. மாமி சிரிச்சாவ. அவன் செத்த நேரம் யோசிச்சிட்டு, 'நீயும் நானும் அவங்கவங்க வலப்பக்கம் போனாத்தான் இது பிரியும்'னான். இதுக்குள்ள ஏதும் அர்த்தம் இருக்கான்னு நான் பாத்தேன். இல்ல. கம்பியத்தான் சொன்னான்.

முறுக்குனோம். ஒண்ணும் இல்ல. இன்னும் வெந்நி. முறுக்குனோம். நான் கட்டையப் புடிச்சு இழுக்கேன், பல்லக் கடிச்சிருக்கேன், கழுத்துல நரம்பு நிக்கி, மனசுக்குள்ள மட்டும் 'வராத, வராத'ன்னு கம்பிகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்பம் அது ஒரு கூப்பாடு போட்டுச்சு. மீன்காரி கொரலு மாதிரி, கிரீச்சுன்னு. அரையடி திரும்பிட்டு. உள்குழாய் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துட்டு. நான் என்னைய அறியாம 'வந்துட்டு மாப்ள'ன்னு சொல்லி அவன் தோள்ல அடிச்சிட்டேன். எனக்குச் சந்தோசமாயிட்டு. அதான் எரிச்சலு. அந்தச் சந்தோசத்த யாருகிட்டயும் சொல்லல, இப்பந்தான் சொல்லுதேன்.

சாயங்காலத்துக்குள்ள அஞ்சு கம்பி வந்துட்டு. ஆறாவதுதான் வரல. அந்தப் பள்ளம் விழுந்தது. எம் பள்ளம். அவன் அதத் தடவிப் பாத்தான், என்னையப் பாக்கல. வெள்ளிக்கிழம காலையில ஆக்ஸா பிளேடு வச்சு, பள்ளத்தோட சேத்து வெளிக்குழாய ஒரு சாண் அறுத்து எடுத்தான். உள்குழாயில விழுந்த நசுங்கல உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சான். முழுசாப் போகல. 'இந்த மூல கொஞ்சம் கோணலா நிக்கும், எறக்கும்போது ஒரு எடத்துல புடிக்கும், முறுக்கித்தான் எறக்கணும்'னான். அதான் சுடலை நீ வீடியோ எடுத்த டான்சு.

அப்புறந்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. மத்தியானம். கம்பி ஆறையும் நல்லதண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டு இருக்கோம். பிளேவியன் தோள்ல கெடந்த பையில இருந்து ஒரு புது கிரீசு டப்பா எடுத்து மூடியத் தொறக்கான். மாமா அந்த டப்பாவயே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாத்துக்கிட்டே, மெல்லக் கேட்டாரு.

'நவம்பர்ல இதத்தான போடச் சொன்னேன். ஏன் போடல?'

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிரலாம்னு வாயத் தொறக்கேன், அதுக்குள்ள பிளேவியன் பேசிட்டான். நிமிந்து கூடப் பாக்கல, கிரீசு தடவிக்கிட்டே பேசுதான்.

'நீங்க மருமவனேன்னுதான சொன்னிய. டெரன்சச் சொல்லுதியன்னு நெனச்சேன். நான் எப்பிடி ஒங்களுக்கு மருமவனாவேன்? நான் வேலைக்கு வந்தவன்லா.'

மூணு மாசமா நான் எண்ணிக்கிட்டு இருந்த வார்த்தைய, இவன் ஒரு நாளு கூட தனக்குன்னு எடுத்து வைக்கவே இல்ல. ரோட்டுல யாரையோ கூப்பிடுத மாதிரிதான் கேட்டுருக்கான். கூப்ட்டா வேலைக்கு வந்து நிப்பான், அவ்வளவுதான். நான் அவங்கூட ஓட்டப்பந்தயம் ஓடிக்கிட்டு இருக்கேன், அவன் நடந்து கடைக்குப் போயிக்கிட்டு இருக்கான்.

மாமா என்னையப் பாத்தாரு. 'நீ என்னல நெனச்ச?'

நான், 'நான் அவனச் சொல்லுதியன்னு நெனச்சேன் மாமா. ரேசன் கார்டுல ஒரு பேருக்கு ரெண்டு ஆளு மாதிரி ஆயிட்டு'ன்னேன். மாமி சிரிச்சிட்டாவ. மாமாவும் லேசாச் சிரிச்சாரு. ஆனா என் மூஞ்சியில இருந்து கண்ண எடுக்கல. ரொம்ப நேரம் எடுக்கல. பழைய டப்பா எங்கன்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. 'தப்பு எம்மேல'ன்னாரு. 'ஒரு வார்த்தைய ரெண்டு பேருக்குக் குடுத்துருக்கக் கூடாது. இனிமே பேரச் சொல்லியே கூப்புடுதேன்.' எந்திரிச்சுத் துண்ட ஒதறிட்டுப் போயிட்டாரு. பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாருன்னுதான் நான் நெனச்சேன்.

சனிக்கிழம சிஸ்டர்மாரு வந்தாவ. பன்னெண்டு பேரு, பன்னெண்டு தொப்பி, எல்லாரு கழுத்துலயும் ஒரு பைனாகுலரு. மாமா நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. சுக்கான் பிளேவியன் கையில. யாரும் விழா எடுக்கல, மாலை போடல. மாமா, 'பிளேவியன், நீ பின்னால போ'ன்னாரு, அவன் போனான். முடிஞ்சிட்டு. நான் முன்னால நின்னேன். பறவைக எல்லாத்துக்கும் பின்னால இருந்து சரியான பேரு வருது. நான் கொக்குன்னு ஒரு வார்த்த சொல்லல.

பாலம் வந்துச்சு. எனக்குத் தெரியும் அம்பதடின்னா எங்கன்னு. காது பின்னாலயே இருக்கு. எறக்குதது எப்பம்னு எனக்குத் தெரியாதா, கண்ணக் கட்டிக்கிட்டுக் கூட எறக்குவேன். ஆனா கை போகல, அந்த வார்த்த வரட்டும்னு நிக்கி. பிளேவியனுக்கு என்ன சொல்லணும்னு தெரியல. பாலம் வருது, முப்பதடி வந்துட்டு. அப்பம் மாமா நடுவுல இருந்து, திரும்பாமலே சொன்னாரு.

'டெரன்ஸ்.'

ஸ்கூல்ல அட்டெண்டன்சு எடுக்க மாதிரி. முழுப் பேரு. மூணு வருஷத்துல அவரு வாயில எம் பேரு வந்து நான் கேட்டதே இல்ல. அஞ்சு கம்பிய எறக்குனேன், ஆறாவது புடிச்சிக்கிட்டு. கட்டிப் புடிச்சு, இடுப்பால முறுக்கி, ஒரு காலத் தூக்கி, எப்பிடியோ பாலத்துக்கு ரெண்டடி முன்னால எறக்கிட்டேன். சிஸ்டர்மாரு கை தட்டுனாவ. நல்லாச் சிரிச்சாவ. நான் ஒண்ணும் சொல்லாமலே சிரிச்சாவ. முன்னால உக்காந்திருந்த வயசான சிஸ்டரு, 'தம்பி, அந்த ஐயாவுக்கு நீங்க சொந்தமா, என்ன வேணும்'னு கேட்டாவ. எந்தக் கேள்விக்கும் ஒம்பது பதிலு வச்சிருக்கவன் நானு.

'பந்தல் எறக்குத ஆளு சிஸ்டர்'னேன்.

இவ்வளவுதாம்ல கத. இப்பம் சிரிங்க. ஏன் சிரிக்க மாட்டிக்கிய? சுடலை, மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க, நாயி கூட பயந்து போயி நிக்கி. பிளேவியன் நல்லவன், மாமா நல்லவரு, மொழியிலதான் கொறன்னு நான் சொன்னேன்லா, அத நம்பிட்டியளா?

கேளுங்க. அன்னைக்குத் தூத்தல்ல மாமா சும்மா சொல்லிட்டுப் போகல. 'மருமவனே'ன்னு சொல்லிட்டு, கிரீசு டப்பாவத் தூக்கி எங்கிட்டத்தான் எறிஞ்சாரு. நான் ரெண்டு கையாலயும் புடிச்சேன். பிளேவியன் ரெண்டடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டுத்தான் நின்னான். மாமா கேட்டப்பம் அவன் டப்பாவப் பத்தி மூச்சு விடல. எறிஞ்ச மாமாவுக்கும் தெரியும், புடிச்ச எனக்கும் தெரியும். கம்பி ஒட்டட்டும், முடிச்ச பையன் மேல பழி விழட்டும்னுதான் நான் போடல.

லெஸ்லி, ஒன் பைக்குச் செயினு நவம்பர்ல இருந்து சத்தம் போடாம ஓடுதுல்லா. அந்தக் கிரீசுதான்.